அறுபது தப்படிக்கு ஒரு பள்ளம்

தார் ரோடு வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: போட்ட அன்று எல்லா ரோடும் நல்ல ரோடுதான். கறுப்பாக, வழவழவென்று, போட்டோ எடுத்து அனுப்பத் தோதாக இருக்கும். அதன் குணம் தெரிய ஒரு மழைக்காலம் போக வேண்டும். அதற்குள் போட்ட நாங்கள் வேறு ஊரில் வேறு ரோட்டில் நின்றுகொண்டிருப்போம். பள்ளத்தில் இறங்கி ஏறி இடுப்பு கழன்ற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் உங்களில் ஒருவன்தான். ரோடு போடுகிறவனுக்கென்று தனி ரோடு யாரும் போட்டுத் தருவதில்லை.

சொந்த ஊர் நகரி. படிப்பு பத்தாவது. தார்க்கலவை பிளான்ட்டில் ஜல்லி சலிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். அங்கிருந்த லேப்பைப் பெருக்கித் துடைக்கப் போய், சல்லடைகளையும் தராசையும் பார்த்துப் பார்த்து, பரிசோதனை செய்யும் ஆளாகவே ஆகிவிட்டேன். சான்றிதழ் எதுவும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் இந்த வேலையில் எத்தனையோ நடந்திருக்கிறது. இங்கே எழுதுவது பாகாலா பக்கம் ஒரு ரோட்டில், ஒரு வருஷத்தில் நடந்தவை மட்டும்.

ரோலர் மேல் விழுந்த பழி

கோடையில் ரோட்டின் பாதியைப் போட்டு முடித்தோம். மீதியை ஐப்பசி மழைக்கு முன் போடுவதாகத் திட்டம். ஆடியில் நாலு நாள் மழை பெய்தது. போட்ட பாதியில் அங்கங்கே ஜல்லி தெரிந்தது, பிறகு கிளம்பியது, பிறகு பள்ளமாயிற்று. திருப்பதியிலிருந்து சைட் இன்ஜினீயர் வந்தார். முப்பது வயதுக்காரர், தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைப் போனில் காய்ச்சியிருந்தார்கள். பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "ரோலர் சரியா அழுத்தலை" என்று தீர்ப்புச் சொன்னார். ரோட்டைக் கடைசியாகத் தொடுவது ரோலர். அதனால் பழியும் அங்கேயே போய் நிற்கும்.

ரோலர் ஓட்டியவர் கன்னியப்பன். புத்தூர்ப் பக்கத்து ஆள், என் வயதுதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரும்பு உருளைக்கு மேல் உட்கார்ந்தவர். ரோலர் டிரைவருக்குப் பேர்தான் எல்லாம். 'சரியாக ஓட்டாததால் அனுப்பினார்கள்' என்று ஒரு சைட்டிலிருந்து பேச்சுக் கிளம்பினால் போதும், ஜில்லாவில் எந்தக் காண்டிராக்டரும் அவரை வண்டி மேல் ஏற விடமாட்டான். "திங்கட்கிழமையிலேர்ந்து வேணாம்" என்று இன்ஜினீயர் சொன்னபோது கன்னியப்பன் கத்தவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "நான் மேலயும் கீழயும் ஒரே மாதிரிதான் சார் ஓட்டிக்கினு போறேன். அங்கங்க ஒரு எடத்து மேல மட்டும் எனக்கு இன்னா சார் விரோதம்?"

நடந்து பார்த்தது

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்ஜினீயரிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். "ஒரு வாரத்துல இன்னா கண்டுபுடிப்பீங்க, பெத்தாயனா?" என்றார். பெரியவரே என்று மரியாதையாகத் தெலுங்கில் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "தெரியாது சார். தெரியாமத்தான் கேக்கறேன்" என்றேன். ஒரு வாரம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் டப்பாவோடு கிளம்பினேன். வீட்டில் என்னை எதிர்பார்க்க ஆள் இல்லை. என் மனைவி சரோஜா போய் ஆறு வருஷமாகிவிட்டது. முதல் பள்ளத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தப்படி எண்ணிக்கொண்டு நடந்தேன். அடுத்த பள்ளம் அறுபதில். அதற்கடுத்தது அறுபத்திரண்டில். பிறகு ஐம்பத்தொன்பது. பள்ளம் விழாத இடத்திலும் அந்தக் கணக்குக்கு நின்று குனிந்து பார்த்தால், ஒரு பாய் அகலத்துக்கு மேற்பரப்பு சொரசொரவென்று, வெறும் ஜல்லியாக இருந்தது. இன்னும் ஒரு மழை பெய்தால் அதுவும் கிளம்பும். குனிவதும் கோடு போடுவதும் நடப்பதுமாகப் போனேன். திருமலைக்குப் பாதயாத்திரை போகும் ஒரு கூட்டம் என்னைத் தாண்டியது. அதில் மஞ்சள் துணி கட்டிய அம்மா ஒருத்தி நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வேண்டுதலே தேவல சாமி. நாங்க நடக்கத்தான் நேர்ந்துக்கினோம். நீ எண்ணவும் சேத்து நேர்ந்துக்கினியா?"

பின்சீட்டில் இருந்தவள்

அன்று நடந்துகொண்டிருக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. பல வருஷம் முன்பு, சரோஜாவை டி.வி.எஸ்ஸில் வைத்துக்கொண்டு சித்தூரிலிருந்து நகரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் கொஞ்ச தூரம் நாங்கள் போட்ட ரோடு. பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். வண்டி ஒரு குதி குதித்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. பின்னால் அவள் ஏதோ முணுமுணுத்தாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு வரை எண்ணிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொள்வாள், வண்டி குதிக்கும். மறுபடி ஒன்றிலிருந்து. நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். லேப்பில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஜல்லியை நிறுத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, பின்சீட்டில் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "உங்க ரோட்ல ஒரு வசதிங்க. பள்ளம் எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சிடுது, கெட்டியா புடிச்சிக்கலாம்."

சின்ன வண்டி

அறுபது தப்படி என்றால் என்ன? ரோட்டின் அகலம் தெரியும், கனம் தெரியும், ஒரு பத்துச்சக்கர டிப்பர் லாரியில் எவ்வளவு கலவை வரும் என்றும் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டிப்பர் கலவை சரியாக அந்தத் தூரத்துக்குத்தான் வருகிறது. அதாவது ஒவ்வொரு லாரி முடிகிற இடத்திலும் ஒரு கெட்ட இடம்.

ஆனால் அது என் ஊகம்தான். இன்ஜினீயருக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். சாக்பீஸ் கோடுகளில் ஒரே ஒரு இடைவெளி மட்டும் முப்பத்தெட்டுத் தப்படியில் முடிந்திருந்தது. அது என் எண்ணிக்கைத் தவறோ என்று இரண்டு முறை திரும்ப நடந்தேன். முப்பத்தெட்டுதான். திங்கட்கிழமை காலை பிளான்ட்டுக்குப் போய் வண்டிகள் கிளம்பிய நோட்டைப் புரட்டினேன். அந்த இடம் போட்ட நாளில் ஆறாவது நடைக்கு வர வேண்டிய டிப்பர் பஞ்சர். அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஆறுசக்கர வண்டி போயிருக்கிறது. கெட்ட இடம் சின்ன வண்டிக்குச் சின்ன தூரத்தில் விழுந்திருக்கிறது! ரோலர் ஓட்டுகிறவருக்கு எந்த லாரி எங்கே முடிந்தது என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிவது முன்னால் இருக்கும் கறுப்பு மட்டும்தான்.

இன்ஜினீயர் நோட்டையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னோடு கூடவே முப்பத்தெட்டுத் தப்படியும் நடந்தார். கன்னியப்பன் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ரோலர் இல்ல" என்றார் இன்ஜினீயர். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்தில் போய்விட்டது: "ஒருத்தரைப் பழியிலேர்ந்து எறக்கி உட்டுட்டீங்க, பெத்தாயனா. மேல ஆபீஸ்ல ஒரு பேரு கேட்டுக்கினே இருக்காங்க. இப்ப யார் பேரை எழுதறது?"

துடைத்த தொட்டி

எழுத வேண்டிய பேர் எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் கஷ்டம். பேவர் ஓட்டும் முனிரத்தினம் எங்கள் சைட்டிலேயே சுத்தமான வேலைக்காரர். பேவர் என்றால் கலவையைப் பரப்பும் வண்டி. டிப்பர் அதன் முன்தொட்டியில் கலவையைக் கொட்டும். அது பின்னால் ரோடாகப் பரவும். தொட்டிக்கு இரண்டு பக்கமும் இறக்கை உண்டு. ஒவ்வொரு டிப்பர் காலியானதும் முனிரத்தினம் லீவரை இழுத்து இரண்டு இறக்கைகளையும் மடக்குவார். ஓரத்தில் ஒதுங்கியது எல்லாம் நடுவில் விழும். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த டிப்பரை அழைப்பார். தொட்டி பளபளவென்று இருக்கும். பார்வையிட வந்த அதிகாரிகளுக்கு அதைக் காட்டி நாங்களே பெருமைப்பட்டிருக்கிறோம்.

கேடு அங்கேதான் இருந்தது. தார்க்கலவையைக் குவியலாகக் கொட்டினால் தூளும் சின்ன ஜல்லியும் நடுவில் தங்கும், பெரிய ஜல்லி உருண்டு ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் இருப்பது சீக்கிரம் ஆறியும் போகும். இறக்கையை மடக்கும்போது அந்த ஆறிப்போன வெறும் ஜல்லி மொத்தமும் ஒரே இடத்தில் ரோட்டில் போய் உட்காருகிறது. தூள் இல்லாத ஜல்லிக்கு நடுவே சந்து. சந்தில் மழைத்தண்ணீர். அதன் மேல் பஸ் சக்கரம் ஏறி ஏறித் தண்ணீரை அழுத்தினால் தார் கழன்றுவிடும்.

முனிரத்தினத்திடம் போய், தொட்டியைத் துடைக்காதே, கால் பங்கு கலவை இருக்கும்போதே அடுத்த டிப்பரைக் கூப்பிடு என்றேன். அவர் இந்த வேலைக்கு வருவதற்கு முன் கல்யாணச் சமையல் கோஷ்டியில் பரிமாறினவர். பன்னிரண்டு வருஷப் பந்திப் பழக்கம். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன் லேப் அண்ணா," என்றார், "ஒருத்தன் துன்னுட்டுப் போன இலையை எடுக்காம, அதும் மேலயே அடுத்தவனுக்குச் சோறு போடுவியா நீ?"

என் கரண்டி

இத்தனை வருஷம் இதை லேப் எப்படிக் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அன்று மத்தியானம்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு நாளும் டிப்பரில் ஏறிக் கலவை மாதிரி எடுப்பது நான்தான். கரண்டியைக் குவியலின் நடுவில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஓரத்தில் குத்தினால் ஜல்லி இடிக்கும், பாதிக் கரண்டிகூட நிரம்பாது, புகை வேறு முகத்தில் அடிக்கும். அதனால் கை தானாக நடுவுக்குப் போகும். நடுவில் எடுத்தால் எல்லாப் பரிசோதனையும் பாஸ். வருஷக்கணக்காக நான் நல்ல இடத்தை மட்டும் பரிசோதித்து, ரோடு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். முனிரத்தினத்தின் பேரை எழுதியதோடு விஷயம் முடிந்திருக்கும். சான்றிதழ் இல்லாத லேப் ஆளுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தப்படி எண்ணிக் கன்னியப்பனைப் பழியிலிருந்து இறக்கிவிட்டவன், என் தப்படி மட்டும் எண்ணாமல் போனால் எப்படி? சாயங்காலம் ஒரே டிப்பரில் இரண்டு மாதிரி எடுத்தேன். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. சலித்து இரண்டு தட்டில் பரப்பி இன்ஜினீயர் மேஜையில் வைத்தேன். ஒரே கலவை என்று யாரும் நம்பமாட்டார்கள். "பேர் எழுதணும்னா முதல்ல என் பேரை எழுதுங்க சார். ஆளை மாத்தினா அடுத்த ஆளும் இதையேதான் செய்வான். மீதி ரோட்டை எங்ககிட்ட உடுங்க" என்றேன்.

இன்ஜினீயர் இரண்டு தட்டையும் விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐப்பசி கார்த்திகை மழை முடியட்டும். புது ரோட்ல ஒரு பள்ளம் வந்தாலும் ரோலரு, பேவரு, லேப்பு, மூணு பேரும் ஒண்ணா பஸ் ஏறிடணும். சரின்னா செய்யுங்க, பெத்தாயனா."

பொரி

மூன்று பேரின் வேலையும் முனிரத்தினத்தின் கையில் இருந்தது. அவரோ இறக்கையை மடக்காமல் வேலை செய்வது அசிங்கம் என்றே நின்றார். "வேலை போறதுன்னா போவட்டும், அதுக்குன்னு அழுக்குத் தொட்டியில ரோடு போடச் சொல்றியா?" என்று கேட்டார். அதட்டிப் பயனில்லை. நான் அதட்டுகிற ஆளும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. பேவருக்கும் ரோலருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். பரிமாறுவது எப்போதும் முனிரத்தினம்தான். அன்று பொரியும் பொட்டுக்கடலையும் கலந்த மூட்டையைக் கன்னியப்பன் அவசரப்பட்டுத் தூக்கித் தார்ப்பாயின் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டார். பொரி சரசரவென்று ஓரத்துக்குச் சறுக்கியது. கடலை நடுவிலேயே அடங்கிக்கொண்டது. ஓரத்தில் அள்ளியவர்களுக்கெல்லாம் வெறும் பொரி. "எனக்கு இன்னா, கடலை கண்ணுல காட்ட மாட்டீங்களா?" என்று கூச்சல். முனிரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே எடத்துல கொட்டுவாங்களாய்யா? மூணு எடமா பரவலா கொட்டணும். கொஞ்சம் அள்ளினதும் மறுபடி மேல கொட்டிக் கலந்துக்கினே இருக்கணும். காலி ஆவற வரைக்கும் உட்டா அடியில இருக்கறது ஒருத்தன் தலையில மொத்தமா போய் உழும்!" என்று கன்னியப்பனை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

நான் பேவர் தொட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த பொரியையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், இறக்கை லீவரில் போட்டிருந்த சாமந்தி மாலையை, லீவரை இனி இழுக்க முடியாதபடி மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "தயிர்ச்சட்டியைக் கழுவிக் கவுத்துட்டா மறுநாள் ஒறைக்கு எங்க போறது? இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா லேப் அண்ணா?"

நான் எங்கே சொன்னேன்?

எலுமிச்சம்பழம்

இன்னும் ஒரு ஆள் பாக்கி. டிப்பர் டிரைவர் சீனு; அவன் ஒத்துக்கொண்டால் மற்ற டிரைவர்களும் ஒத்துக்கொள்வார்கள். பிளான்ட்டில் கலவை மேலிருந்து விழும்போதே ஒரே குவியலாக விழுந்தால் பிரிவது அங்கேயே ஆரம்பித்துவிடும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், கடைசியில் நடுவில் கொஞ்சம் என்று மூன்று குவியலாக நிரப்ப வேண்டும். அதற்கு வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தடவை நகர்த்த வேண்டும். மற்ற நடைகளுக்குச் சீனு முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான். நாளின் முதல் நடைக்கு மட்டும் ஒரே பிடிவாதம். முதல் நடைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கலவை விழும் வாய்க்கு அடியில் போய் நிற்பான். நசுக்கின பிறகு அன்றைய முதல் லோடை ஏற்றாமல் பின்னால் போகக்கூடாதாம். அவன் மட்டும் இல்லை, அந்த பிளான்ட்டில் எல்லா டிரைவருக்கும் அதே வழக்கம். மற்ற நடைகளில் வண்டி ஒரு தடவையாவது நகரும், முதல் நடையில் அதுவும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு நாளும் போட்ட முதல் துண்டுகளின் முடிவில் பள்ளம் மற்றதைவிட ஆழமாக இருந்திருக்கிறது!

சாமி விஷயத்தில் நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தாலும் அவன் மனசு சரியில்லாமல் வண்டி ஓட்டுவான். எலுமிச்சம்பழங்களை நானே வாங்கிக்கொண்டு போய், பிளான்ட் கேட்டில் காவலாளியிடம் கொடுத்து வைத்தேன். "நிரப்பறது வரைக்கும் வண்டி பிளான்ட்டோடது. கேட்டைத் தாண்டினாத்தான் உன்னோடது. பழத்தை இங்க வெச்சி நசுக்கு. அப்புறம் சைட்டு வரைக்கும் முன்னாடிதானே போற?" என்றேன். சீனு யோசித்தான். தார்ப்பாயை இழுத்துக் கலவையை மூடிக் கட்டிக்கொண்டே யோசித்தான். பிறகு பழத்தை வாங்கிக்கொண்டு சொன்னான்: "சாமிக்கே டூட்டி எடத்தை மாத்திட்டீங்களே அண்ணா, நீங்க சும்மா லேப்புன்னு சொல்லிக்கினு இருக்கீங்க."

மழைக்குப் பிறகு

மீதி ரோட்டைப் பத்து நாளில் போட்டோம். நான் டிப்பர் ஓரத்திலும் கரண்டியைக் குத்தினேன். புகையில் கண் எரிந்தால் எரியட்டும் என்று குத்தினேன். முனிரத்தினத்தின் கை பழக்கதோஷத்தில் லீவருக்குப் போகும். சாமந்தி காய்ந்து சருகாகியும் மாலையை அவர் அவிழ்க்கவில்லை. கை அங்கே போகும்போதெல்லாம் கன்னியப்பன் ரோலரிலிருந்து கத்துவார், "மேஸ்திரி, பந்தி இன்னும் முடியல!" ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் புயல் சின்னம் வந்து மூன்று நாள் ஊற்றியது. மூன்று பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் ரோட்டைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வெயில் வந்த அன்று இன்ஜினீயரும் நாங்களும் நடந்தோம். அறுபதில் நின்று குனிந்தேன். ஒன்றுமில்லை. நூற்றிருபதில் ஒன்றுமில்லை. கன்னியப்பன் முதல் அரை மைல் என்னோடு சேர்ந்து எண்ணினார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டின் கடைசியில் இன்ஜினீயர் போனை எடுத்து மேல் ஆபீசுக்குப் பேசினார். "பேரு எதுவும் இல்ல சார். அதே டீம்தான்" என்று தெலுங்கில் சொன்னது எங்கள் மூவருக்கும் கேட்டது. கன்னியப்பன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொல்ல அன்று அவ்வளவு வெயில் இல்லை.

ரோட்டோரத்தில் சீத்தாப்பழக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒரு பழம் வாங்கினோம். அதற்குள் திருப்பதி பஸ் ஒன்று எங்களைத் தாண்டிச் சத்தமில்லாமல் போனது. அவள் அதையே முறைத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினாள்: "பழைய ரோட்ல பள்ளம் இருந்தப்ப எல்லா வண்டியும் இங்கதான் நின்னு நெளிஞ்சி போவும், கண்ணுல பழம் படும், வாங்குவாங்க. இப்ப பாரு, காத்து மாதிரி பறக்கறான். எந்தப் பாவி நைனா இந்த ரோட்டைப் போட்டது?"

கன்னியப்பனும் முனிரத்தினமும் நானும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம்; இந்தத் தொழிலில் ஒரு பழிக்குச் சொந்தக்காரர்கள் முண்டியடித்து முன்னால் வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.